செவ்வாயும் வெள்ளியும் அவர் தண்ணீர்

வாரம் இரண்டு முறை என் கண்முன்னால் கைமாறுகிற ஒரு சாவியை, அந்தப் படிவத்தை நிரப்பிய அரை மணி நேரம் மட்டும் நான் எப்படி மறந்தேன்? மறந்தேனா, மறப்பது எனக்கு வசதியாக இருந்ததா? எட்டு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் சோறு வடிக்கிறேன், பிள்ளைக்குத் தலை பின்னுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் வளர்ந்தவள். கணிதத்தில் பட்டம், அதற்கு மேல் பி.எட். கல்யாணமாகி வந்தது கங்கைகொண்டானுக்கு வடக்கே ஓர் ஊருக்கு. மாடியில் நின்றால் தொழிற்பேட்டையின் வேலி தெரியும். கணவர் ஓசூரில் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார். மகளுக்கு ஐந்து வயது. அப்பாவை வரையச் சொன்னால் தோள் வரைக்கும்தான் வரைவாள். போனில் அவ்வளவுதானே தெரிகிறது.

அதனால் தொழிற்பேட்டையைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம்தான். அதை மறைக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது பஸ் ஸ்டாண்டில் போய் நின்று பார்த்தவர்களுக்குப் புரியும். ஓசூர், கோயம்புத்தூர், சென்னை என்று பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களில் எப்போதும் என்னோடு படித்த முகம் ஒன்று இருக்கும். பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்து வெளியூருக்கு அனுப்பிவிடுகிற ஊர் இது. புதிய கம்பெனிகளை வரவழைக்கக் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் கூட்டம் போடுகிறார்கள் என்றால், அது எனக்காகவும் போடுகிற கூட்டம் என்றே நினைத்தேன். நிலம் கொடுக்கிற வீட்டில் ஒருவருக்கு வேலை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. எழுத்தில் யாரும் பார்த்ததில்லை. எனக்குப் பேச்சே போதுமாக இருந்தது.

தொழிற்பேட்டைக்கு எடுக்கப்போகிற நிலங்களின் பட்டியலில் மாமனாரின் நிலமும் வந்தது. இரண்டு ஏக்கர் சொச்சம், கரிசல். மழை பெய்தால் உளுந்து. ஓரத்தில் ஒரு கிணறு, அதை நம்பிக் கொஞ்சம் கத்தரியும் மிளகாயும். நிலத்தில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதித் தரும்படி கிராம நிர்வாக அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். மாமா அதை என்னிடம் நீட்டினார்.

"நீ எழுதும்மா. என் எழுத்து எனக்கே புரியாது."

கிணறு ஒன்று. மோட்டார் ஒன்று. வேப்பமரம் இரண்டு. பனை பதினொன்று. பனை பத்தா பதினொன்றா என்று சந்தேகம் வந்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெயிலில் போய் எண்ணிவிட்டு வந்தேன். நான் அப்படித்தான். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள். படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. கிணறு, மரம், பாதை இவற்றில் வேறு யாருக்காவது உரிமை உண்டா என்று கேட்டிருந்தார்கள். பட்டாவைப் பார்த்தேன். மாமாவின் பெயர் மட்டும் இருந்தது. "இல்லை" என்று எழுதினேன். பனையை எண்ண அவ்வளவு தூரம் நடந்தவள், இந்த ஒரு வார்த்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கிணற்றில் மேல்பக்கத்து நிலத்துக்காரிக்கும் பங்கு உண்டு. நான் அவரை மதினி என்று கூப்பிடுகிறேன். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டப் போய்விடுவதால் நிலம் அவர் பொறுப்பு. ஒரு ஏக்கரில் பிச்சிப்பூ. விடியுமுன் பறித்து, முதல் டவுன் பஸ்ஸில் கூடையோடு ஏறி, பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு வருவார். செவ்வாயும் வெள்ளியும் கிணறு அவருடையது, மற்ற நாட்கள் எங்களுடையது. மோட்டார் ரூம் சாவி எங்கள் வாசல் ஆணியில் தொங்கும். தன் முறைக்கு வந்து எடுத்துப் போவார், பொழுது சாயும்போது திரும்ப மாட்டுவார். சாவி அவர் கையில் இருக்கிற நாளில் எங்கள் கத்தரி வாடினாலும் நாங்கள் மோட்டார் பக்கம் போகமாட்டோம். அன்றைக்குக் கரண்ட் இல்லாமல் போனால் அது அவர் பாடு, மறுநாள் கேட்கமாட்டார். மோட்டார் காயில் எரிந்துபோனால் இரண்டு வீடும் சேர்ந்து செலவு பார்க்கும்.

இது எதுவும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. மாமாவின் அப்பாவும் மதினியின் மாமனாரும் சேர்ந்து வெட்டிய கிணறு. அது எங்கள் எல்லைக்குள் அமைந்துவிட்டது. எழுதிக் கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும் என்று மதினி வீட்டார் கேட்கவில்லை. கேட்காமல் எழுதிக் கொடுத்தால் அவர்களைச் சந்தேகக்காரர்களாக நினைத்த மாதிரி இருக்கும் என்று எங்கள் வீட்டாரும் கொடுக்கவில்லை.

ஸ்டூலில் ஏறத் தெரிந்த நாளிலிருந்து சாவியை எடுத்துக் கொடுப்பது என் மகள்தான். "அத்தே, இன்னைக்கு ஒங்க தண்ணி!" என்று கத்துவாள். அதற்கு ஒரு முழம் பிச்சி கிடைக்கும்.

பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியபோது மதினியின் நிலம் அதில் இல்லை. சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏளா, எனக்கு வரல. நீங்க கம்பெனிக்காரங்க ஆயிட்டிய. இனிமே என்னயத் தெரியுமாக்கும்?"

"கேலி பண்ணாதீங்க மதினி."

"கேலி என்ன? ஓசூர்லேருந்து வந்து தம்பி தொப்பி போட்டுக்கிட்டு கேட்டுல நிப்பான். நான் பூக்கூடையோட அந்த வழியாப் போவேன். ஒரு சல்யூட்டாவது அடிக்கச் சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தோம். சில வாரம் கழித்து அளக்கிறவர்கள் வந்து எல்லைக் கல் நட்டுப் போனார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை சாவிக்கு வந்த மதினி வாசலிலேயே நின்றார்.

"எம் நெலத்துக்கும் கெணத்துக்கும் நடுவுல கல்லு நிக்கு. வேலி போட்டா நான் எங்கன போயி தண்ணி பாய்ச்ச?"

நான் பிள்ளைக்கு ஸ்டூலை ஆணிக்குக் கீழே இழுத்துப் போட்டேன்.

"பேப்பர்ல எம் பங்கை எழுதியிருப்பியல்லா? நீ படிச்ச புள்ள. விட்டிருக்க மாட்ட." எனக்காகப் பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

"பாக்கேன் மதினி" என்றேன். என் மகள் சாவியை நீட்டினாள்.

அன்று கணவர் போன் பண்ணியபோது சொன்னேன்.

"இதுல என்ன பொய்? பட்டாவுல அவங்க பேரு இருக்கா?"

"பட்டாவுல இல்ல. ஆனா சாவி..."

"இப்பப் போயி கிளறுனா, நம்ம சர்வே நம்பரைத் தகராறுன்னு தனியா எடுத்து வச்சிருவாங்க. வருஷக்கணக்காக் கெடக்கும்." பிறகு பைய கேட்டார்: "நான் எப்ப ஊருக்கு வர?"

அவர் கெட்டவர் இல்லை. லீவில் வந்தால் மதினியின் வாய்க்காலையும் சேர்த்தே வெட்டிவிடுகிறவர். அவரும் தன் பிள்ளைக்குத் தோளுக்குக் கீழே தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

மாமாவிடம், அந்தக் கட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்" என்றார். பிறகு, "மாத்தி எழுதுதியா? எழுது. போடுதேன்." அவர் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

திருத்த மனுவை மூன்று முறை எழுதினேன். முதலில் "அறியாமையால்" என்று எழுதி அடித்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அடுத்து "அவசரத்தில்" என்று எழுதி அதையும் அடித்தேன். பனையை எண்ண எனக்கு நேரம் இருந்தது. மூன்றாவதில் காரணமே எழுதவில்லை. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது, செவ்வாயும் வெள்ளியும் அவர்கள் முறை என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அது மகளின் டிராயிங் நோட்டுக்குள் இருக்கிறது. நிலம் எடுப்பது பற்றிய விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம். வேறு எதையோ கேட்பது போலப் போய் அலுவலகத்தில் விசாரித்தேன். மனு கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தால் மதினிக்குத் தண்ணீருக்கு வழி கிடைக்குமா, எங்கள் நிலம் மட்டும் தகராறில் கிடக்குமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

கம்பெனி வந்தால் எத்தனையோ வீட்டில் அப்பாக்கள் திரும்பி வருவார்கள். தொழிற்பேட்டையின் வரைபடத்தில் ஒரு ஏக்கர் பிச்சி ஒரு நகக்கண் அளவுதான். இப்படியும் நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் கூடையைக் கண்டால் அந்த நினைப்பு நிற்பதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த வீட்டுக்காரர்கள் இருப்பீர்கள். எழுத்தில் இல்லாத பங்கைக் கடைசி நேரத்தில் எழுதிக் கொடுத்தவர்களும், எழுதாமல் விட்டவர்களும் இருப்பீர்கள். மனு கொடுத்த பிறகு உங்கள் நிலம் என்ன ஆயிற்று? கொடுக்காதவர்கள் பக்கத்து வீட்டு முகத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்? மதினியின் தண்ணீரும் போகாமல் என் வீட்டுக்காரரும் ஊருக்கு வர ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், நோட்டுக்குள் இருக்கிற காகிதத்தை எடுத்து முதலில் யார் கையில் கொடுக்க வேண்டும் என்றாவது எழுதுங்கள். அதிகாரியிடமா, கணவரிடமா, சாவிக்கு வருகிற மதினியிடமா?