புதன்கிழமைப் பாய்

நேற்று ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் தலைமுடியெல்லாம் பஞ்சுத்தூசி. விசைத்தறிக் கூடத்திலிருந்து நேராக வருகிறவர்களின் தலை அப்படித்தான் இருக்கும். எனக்குச் சுலோச்சனா ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் திருத்தணியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் குடும்பநலப் பணியாளர். கஷ்டப்படுகிற குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. புதன்கிழமை மதியம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் அந்த அம்மா அப்பாக்களைக் கூட்டி, மனபாரம் குறையப் பயிற்சி தருவோம். பாயில் உட்கார்ந்து கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். பிறகு மனதில் இருப்பதைப் பேசலாம். முதல் நாள் குரலைக் குழைத்துக்கொண்டு, "மூச்சை மெதுவா இழுங்க" என்றேன். கண்ணைத் திறந்தால் பாதிப் பேர் தூங்கியிருந்தார்கள். ஒருத்தி குறட்டையே விட்டாள். அவள்தான் சுலோச்சனா. அம்மையார்குப்பத்துக்காரி. புருஷன் விட்டுப் போனபின் தறி ஓட்டி மகனை வளர்த்தாள்.

"கோச்சிக்காதீங்கக்கா, குந்துனா தூக்கம் வந்துடுது."

அதற்கப்புறம் தூங்குகிறவர்களை எழுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அந்தக் கூடம் செய்த பெரிய நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, கூட்டம் இல்லாத நாள், நான் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தேன். அம்மா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாடகை அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. ஊரார் துக்கத்தையெல்லாம் கேட்டவளுக்குத் தன் துக்கத்தைச் சொல்ல ஆளில்லை. திடீரென்று சுலோச்சனா உள்ளே வந்தாள். இடுப்பில் மகன், அழுது வீங்கிய முகத்தோடு. அவனை என் மடியில் இறக்கிவிட்டு, எட்டப் போய் நின்றுகொண்டாள்.

"இன்னிக்கு அடிச்சே கொன்னுருப்பேங்க்கா. கை ஓங்கிட்டேன். என்னைப் பார்த்து எனக்கே பயமாயிடுச்சு. பஸ் ஏறி வந்துட்டேன். கொஞ்ச நேரம் வச்சிகினு இருங்க."

"சரி, உக்காரு" என்றேன். பையன் விசும்பி விசும்பி மடியிலேயே தூங்கிப்போனான். அவளும் மெல்லக் கிட்டே வந்து சுவரில் சாய்ந்தாள். வெகுநேரம் கழித்து என் முகத்தைப் பார்த்தாள்.

"லீவு நாள்ல நீங்க ஏங்க்கா இங்க தனியா குந்திகினு கீறீங்க?"

சொன்னேன். அம்மாவின் கடைசி நாட்கள், நான் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது என்று எல்லாவற்றையும். அவள் "ஆங்... ஆங்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இருட்டத் தொடங்கியதும் மகனைத் தொட்டு, "எந்திரி நைனா, வூட்டுக்குப் போலாம்" என்று தோளில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமையிலிருந்து நானும் அந்தப் பாயில் ஒருத்தியாக உட்கார்ந்து பேசினேன்.

நிறுவனத்துக்கு வந்த நிதி உதவி நின்றதும் கூட்டமும் நின்றது. சுலோச்சனா மகனோடு திருப்பூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவளுடைய பழைய எண்ணில் வேறு யாரோ பேசுகிறார்கள். கூடத்தை இடித்துவிட்டார்கள், கிருத்திகைக்கு மலைக்கு வருகிறவர்கள் அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். நான் அரக்கோணத்துக்கு மாறிவிட்டேன். வேலை அதேதான், வீடு வீடாகப் போய் விசாரிப்பது. விடுமுறை நாளில் அறையில் இருக்க முடியாமல் போனால், ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்காருகிறேன். பக்கத்தில் உட்காருகிறவர்கள், ரயில் வந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள்.