வயிற்றுக்கு நல்லதென்று போட்டது

2009இல் கடலூரில் குடியிருந்தோம். என் நான்கு வயது மகள் நிலாவுக்குக் கோதுமை துளிகூட ஒத்துக்கொள்ளாது என்று சிதம்பரத்தில் ஒரு குழந்தைகள் டாக்டரம்மா பரிசோதித்துச் சொன்னார். அன்றே சப்பாத்தி, பிஸ்கட், சேமியா எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆனாலும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. வயிறு மட்டும் உப்பியிருக்க, கைகால்கள் குச்சியாகிக்கொண்டே வந்தன. "வயிறு வலிக்குதும்மா" என்று அவள் சுருண்டு படுக்கும்போதெல்லாம் பெருங்காயம் தூக்கலாகப் போட்டு ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டுவேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மாவிடம் போய்ப் பார்த்தால் எடை ஒரு கிலோ குறைந்திருந்தது.

"அடுத்த வாட்டி வீட்ல சமைக்கிற சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

"மளிகைக் கடையையே பஸ்ல ஏத்தப் போறியா?" என்று கணவர் சலித்துக்கொண்டார். ஆனாலும் பையைச் சுமந்து வந்தது அவர்தான்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பெருங்காயத்தூள் டப்பாவை என்னிடம் நீட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில், கோதுமை மாவு கலந்தது என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

"வயித்துக்கு நல்லதுன்னு ஜாஸ்தியா போட்டேனே டாக்டர்!" என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

"தெரியாமதான செஞ்சீங்க. இன்னியோட நிறுத்துங்க" என்றார்.

நிறுத்திய சில வாரங்களில் வயிற்றுப்போக்கு அடங்கியது. நிலா தானாகவே இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

இப்போது எங்கள் ரசத்தில் பூண்டும் சீரகமும்தான். எந்தப் பாக்கெட்டையும் பின்பக்கம் படிக்காமல் வாங்குவதில்லை. "என்னக்கா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்பார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கடைசி வரி வரை படிக்கிறேன்.