அமைச்சர் சொன்ன இரண்டு மாதம்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு பேர் என் கொழுந்தனார் விட்டுவிட்டுப் போனவர்கள். யார் எது என்று இன்றைக்கும் வெளியாளுக்குத் தெரியாது. தெரியாதபடிக்கு வளர்த்தேன்.

இதை ஏன் முதலிலேயே சொல்லுகிறேன் என்றால், போன சனிக்கிழமை ஒரு மந்திரி என்னைப் பார்த்து, நானும் உங்கள் பிள்ளை மாதிரிதான் என்றார். மேடையில். மைக்கில். ஹால் நிறைய ஆட்களுக்கு முன்னால்.

நான் சும்மா இருப்பேனா?

இருங்கள், வரிசையாகச் சொல்லுகிறேன். எழுத்து கோணலாகத்தான் வரும். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. திருத்திக்கொள்ளப் பத்திரிகை ஆபீசில் ஆள் இருக்கிறார்கள்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் நான் இருப்பது என் இரண்டாவது மகன் சுந்தரத்தின் வீட்டில். பக்கத்து அரசுத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. அவன் மகள் தீபா கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள். படிப்பு முடியும் முன்பே ஒரு பெரிய கம்பெனி காலேஜுக்கே வந்து அவளைப் பொறுக்கி எடுத்தது. ஆஃபர் லெட்டர் கொடுத்தது. அன்றைக்கு இந்தத் தெருவுக்கே மைசூர்பாக்கு கொடுத்தோம்.

அந்த லெட்டரை என்ன செய்தோம் தெரியுமா? லேமினேஷன் செய்தோம். என் மருமகள் கோமதி அதற்குக் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். சிரிக்காதீர்கள் — இந்தக் காலனியில் எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, குறைந்தது எட்டு வீட்டில் லெட்டர் சாமி அறையில்தான் இருக்கிறது.

ஆகஸ்டில் வேலையில் சேரச் சொல்லியிருந்தார்கள். ஆகஸ்ட் வந்தது, கூடவே ஒரு ஈமெயிலும் வந்தது. டிசம்பர் என்றார்கள். அதற்குள் அமெரிக்காவில் பேங்க்குகள் படுத்துவிட்டன. டிசம்பரில் இன்னொரு ஈமெயில். தேதி பின்னால் அறிவிக்கப்படும்.

அமெரிக்காவில் பேங்க் படுத்தால் ஏ.எஸ்.ராவ் நகரில் என் பேத்தி ஏன் வீட்டில் உட்கார வேண்டும்? யாரும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை. பத்து மாதம். கல்யாணம் காட்சி எதற்கும் வரமாட்டாள். போனால் முதல் கேள்வியே, "ஜாயின் பண்ணியாச்சா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு பயந்து ஒரு பெண் மாடியிலேயே கிடந்தாள்.

இந்த ஜூனில்தான் ஒரு கதவு திறந்தது. போலாரத்தில், பட்டாளத்துப் பகுதியில், பழைய பங்களாவில் நடக்கிற ஒரு பள்ளிக்கூடம். கம்ப்யூட்டர் டீச்சர் வேண்டும் என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. டிகிரி சர்ட்டிபிகேட், மார்க் ஷீட் எல்லாவற்றின் ஒரிஜினலையும் பள்ளிக்கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏப்ரலில் வருஷம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நடுவில் ஓட முடியாது.

ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த வழக்கம்தான். கம்பெனி எப்போது கூப்பிட்டாலும் முதல் நாளே அதே ஒரிஜினலைத்தான் கேட்கும். பள்ளிக்கூடத்துப் பெட்டியில் இருந்தால் என்ன செய்வது? சேருவதா, வேண்டாமா? சம்மதம் என்றால் திங்கள்கிழமை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மல்லேஷ் வந்தார். எங்கள் பகுதித் தலைவர். தண்ணீர் லாரியா, ரேஷன் கார்டா, எல்லாவற்றுக்கும் அவர்தான். நல்ல மனுஷன், ஆனால் கட்சிக்காரர். சனிக்கிழமை கம்யூனிட்டி ஹாலுக்கு மந்திரியே வருகிறார், வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் தைரியம் சொல்லப்போகிறார், எல்லாரும் வந்துவிடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தைரியம் சொல்ல ஆள் வருகிறார் என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். காரணம் இருக்கிறது. இந்தத் தொழிலை நானே செய்திருக்கிறேன். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை தடவை, "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருப்பேன்? என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் உதட்டைப் பிதுக்கின அன்று சொன்னேன். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடுதாசி வந்த அன்று சொன்னேன். எதுவும் ஆகாத அன்று அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. காய்ச்சல் இல்லாத பிள்ளையிடம் போய் யாராவது உனக்குக் காய்ச்சல் இல்லை என்பார்களா?

சரி, போனோம். நான், சுந்தரம், தீபா. ஹால் நிறைந்திருந்தது. பாதிப் பேர் மடியில் ஃபைல். மல்லேஷின் மகள் ஸ்வப்னா பட்டுப்பாவாடை தாவணியில் வந்து மந்திரிக்குப் பூங்கொத்து கொடுத்தாள். அவளும் தீபாவும் ஒரே காலேஜ், ஒரே கம்பெனி, ஒரே மாதிரி லெட்டர்.

மந்திரி நன்றாகத்தான் பேசினார். ஹைதராபாத்துக்கு ஒரு குறையும் வராது. ஐ.டி. கோட்டை அசையாது. பத்திரிகைக்காரர்கள்தான் பீதியைக் கிளப்புகிறார்கள். லெட்டர் வாங்கின ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டே மாதத்தில் கம்பெனி கூப்பிடும்.

முன்வரிசை கை தட்டியது. பின்வரிசையில் ஒரு தாடிக்காரர் பக்கத்து ஆளிடம், "ஹவ் ஹவ், தோ மஹீனா. கௌன்ஸா தோ மஹீனா?" என்றார். ஆமாமா, இரண்டு மாதம்தான், எந்த இரண்டு மாதம் என்று கேட்கிறார். சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன்.

"ஆச்சி, நக்கோ. கூர்ச்சோ ஆச்சி, ப்ளீஸ்," என்று தீபா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம், உட்கார் என்பதை மூன்று பாஷையில் சொல்லுகிற பெண் அவள். நான் உட்காரவில்லை.

என் தெலுங்கில் பாதி இந்தி, மீதியில் திருநெல்வேலி. பேசினதைத் தமிழிலேயே தருகிறேன்.

"எந்தத் தேதி சார்?" என்று கேட்டேன்.

"சீக்கிரமே அம்மா."

"சீக்கிரம்னு காலண்டர்ல ஒரு தேதி இல்லையே."

அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் உங்கள் பிள்ளை மாதிரிதான், என்னை நம்ப மாட்டீர்களா என்று.

"எனக்கு அஞ்சு பிள்ளைங்க இருக்காங்க. சாப்பாட்டுக்கு வர நேரமானா எத்தனை மணிக்கு வருவேன்னு போன்ல சொல்லுவாங்க. சீக்கிரம் வாரேன்னு யாரும் சொன்னதில்லை."

ஹால் குலுங்கியது. மந்திரியும் சிரித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். வாக்குக் கொடுக்கிறேன், இரண்டு மாதம் என்று மறுபடி சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். தேதி வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே பாராட்டு. ஆனால் வாசல் ஏறியதும் சுந்தரம் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"பள்ளிக்கூடம் வேண்டாம்மா. மந்திரியே வாக்குக் குடுத்திருக்காரு. ரெண்டு மாசம் பொறுத்துக்கிடலாம். ஒரிஜினலக் குடுத்துட்டு, நாளைக்கு கம்பெனி கூப்பிட்டா பிள்ளை எங்க போய் நிப்பா?"

அவன் மந்திரியை நம்பினானா? இல்லை. நம்ப ஆசைப்பட்டான். பத்து மாதமாக மகள் முகத்தைப் பார்த்த தகப்பன்.

உண்மையைச் சொல்லுகிறேன். கூட்டத்தில் எழுந்து கேட்டுவிடலாம், கைதட்டல் வாங்கலாம். நம்பாமல் இருப்பது சுலபம். நம்பாமல் இருந்துகொண்டு அடுத்து என்ன செய்வது... அதுதான் கஷ்டம். ஒருவேளை மந்திரி சொன்னது பலித்துவிட்டால்? என் வாய்த்துடுக்குக்காகப் பேத்தி பெரிய வேலையை இழப்பதா?

திங்கள் காலையில் தீபா ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போனில் சொன்னால் மரியாதை இல்லை, நேரில் போய் வரமுடியாது என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன்.

பஸ் பிடித்துப் போலாரம் போய் இறங்கினோம். பெரிய பெரிய மரம், சிவப்பு ஓட்டு பங்களா. பிரின்ஸிபால் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு.

பெஞ்சில் யார்?

ஸ்வப்னா. மடியில் ஃபைல். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மல்லேஷ்.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. கையும் களவுமாகப் பிடித்தது போல் இருந்தது. "என்ன மல்லேஷ், இங்கயும் மந்திரி வாராரா? பூங்கொத்து எங்க?" என்றேன்.

மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து நின்று எனக்கு இடம் விட்டார். ஸ்வப்னா தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். பிறகு என் பக்கமாகக் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, மைக் மாட்ட வேரு. இன்ட்டி மாட்ட வேரு. நேனு கூட ஆடபில்ல தண்ட்ரினே கதா."

மைக்கில் பேசுவது வேறு, வீட்டில் பேசுவது வேறு, நானும் ஒரு பெண் பிள்ளையைப் பெற்ற தகப்பன்தானே என்கிறார். மேலும் சொன்னார்... மந்திரி காரில் ஏறும்போது, உன் மகளுக்கு வேறு ஏதாவது பார்த்து வை, இந்த வருஷம் ஒன்றும் நடக்காது என்று மல்லேஷ் காதில் சொல்லிவிட்டுப் போனாராம்.

ஹாலுக்கு இரண்டு மாதம். காருக்கு ஒரு வருஷம்.

நான் தீபாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஃபைலைத் திறந்து ஒவ்வொரு ஒரிஜினலாக எடுத்து வரிசைப்படுத்தினாள். வரமுடியாது என்று சொல்ல வந்த பெண்.

"அப்பா கிட்ட நீ சொல்லுவியா ஆச்சி?" என்றாள். தமிழில் கேட்டாள். தமிழில் அவள் ஒன்று கேட்டு எத்தனை நாளாயிற்று.

"நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்."

இருப்பது ஒரே வேலை. வந்திருப்பது இரண்டு பேர். பிரின்ஸிபாலம்மா இரண்டு பேரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். கதவு பாதிதான் சாத்தியிருந்தது. என் காது நன்றாகவே கேட்கும். என்னென்னவோ கம்ப்யூட்டர் கேள்விகள். இரண்டு பேரும் டக்டக்கென்று பதில் சொன்னார்கள். கடைசியில் அந்த அம்மா, நடுவில் கம்பெனி கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

ஸ்வப்னா உண்மையைச் சொன்னாள். போய்விடுவேன் மேடம், அப்பா வந்து உங்களிடம் பேசிக்கொள்வார் என்றாள்.

அடுத்தது தீபாவின் முறை. பெஞ்சில் நானும் மல்லேஷும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பிறகு காகிதங்கள் மேஜைமேல் வைக்கப்படுகிற சத்தம். பரீட்சை முடிகிறவரை போகமாட்டேன், கூப்பிட்டாலும் போகமாட்டேன் என்றாள்.

வேலை தீபாவுக்கு.

நான் பெஞ்சிலிருந்து எழுந்த வேகத்தில் மல்லேஷின் ஹெல்மெட் உருண்டுவிட்டது. அவர்தான் முதலில் தீபாவுக்குக் கை கொடுத்தார். ஸ்வப்னா அவள் தோளில் குத்தி, கம்பெனி கூப்பிட்டால் எனக்குச் சொல்லுடி என்றாள். உனக்குத்தான் அப்பா மூலம் முதலில் தெரியுமே என்று இவள் சொல்ல, அவருக்கு உங்கள் ஆச்சியைப் பார்த்தே பயம், அவரை ஏன் இழுக்கிறாய் என்று அவள் சொல்ல... இரண்டும் சிரித்துக்கொண்டே கேட் வரை போயின. பத்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

அன்று சாயங்காலம் சுந்தரத்திடம் அவளே சொன்னாள். கொஞ்சம் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. மந்திரி காரில் சொன்னதைக் கேட்டதும் அவன் போய்க் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

பாதிக் கதவு வழியாகப் பார்த்த ஒரே ஒரு காட்சிதான் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. பிரின்ஸிபாலம்மா என் பேத்தியின் ஒரிஜினல்களை வாங்கி, பீரோவில் வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒரு வாக்குக் கொடுத்தால், அவளுடைய வாழ்க்கையை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். சரிதான், குறை சொல்லவில்லை. ஹால் நிறைய ஆட்களுக்கு வாக்குக் கொடுத்த மந்திரி மட்டும் எதையும் வைக்காமல் காரில் ஏறிவிட்டாரே, அது எப்படி? இனிமேல் யார் வந்து கவலைப்படாதீர்கள் என்றாலும், முதலில் அவருடைய ஒரிஜினலில் ஏதாவது ஒன்றை நம்மிடம் கொடுக்கட்டும். பதவிப் பத்திரமோ, கார் சாவியோ. சொன்ன தேதியில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். நான் பத்திரமாக வைத்திருப்பேன்.

ஒருவேளை அந்த இரண்டு மாதத்தில் கம்பெனி உண்மையாகவே கூப்பிட்டுவிட்டால்? தீபாவால் போக முடியாது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தாள்.

இன்றைக்கு அவளுக்கு முதல் நாள். கோமதியின் பச்சைக் காட்டன் சேலை, தோளில் பை. காலையில் பஸ் ஏறும்போது பார்த்தேன். இதோ, கேட் சத்தம் கேட்கிறது.

ஏட்டி தீபா, வந்துட்டியா? பிள்ளைங்க ரொம்பப் படுத்திச்சா? காப்பி இருக்கு, குடி. குடிச்சிட்டு இதை ஒருவாட்டி சத்தமா வாசி. தமிழ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பே, பரவாயில்ல. தப்பு இருந்தா சொல்லு, திருத்திக்கிடுதேன். நான் என்ன மந்திரியா?