கழற்றச் சொல்லாத அரணாக்கொடி

பெண் பிள்ளைக்கு எட்டாவது போதும் என்ற வீட்டிலிருந்து ராமாத்தாள் கல்லூரிக்குப் போனாள். ஈரோட்டில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்தாள். நியூ ஜெர்சிக்கு வந்தபின் கைக்குழந்தையை டேகேரில் விட்டுவிட்டுப் படித்து, லைசென்ஸ் பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். வெஸ்ட் வின்ட்சர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுக்கும் வேலையும் வாங்கினாள். சொந்தத்தில் வேறு யாருக்கும் வாய்க்காதது. அவள் தலைகுனிந்ததும் அங்கேதான்.

மகனைப் பார்க்கக் கோபியிலிருந்து வந்த நஞ்சப்பனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். ரத்தம், சளி எல்லாம் சோதித்தும் காரணம் பிடிபடவில்லை. வயிற்றை ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள்.

படுக்கவைத்தபோது அவர் இடுப்பில் கனத்த வெள்ளி அரணாக்கொடி. உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழுந்து உள்ளிருப்பதை மறைத்துவிடும். கழற்றச் சொல்வது அவள் வேலை. வாய் வரவில்லை. ஊர்ப் பெரியவரிடம் இதை எப்படிக் கேட்பது? அதுவும் உயிர் போனபின்தான் அறுக்கிற கொடி. காய்ச்சல்காரரிடம் போய்ச் சொல்வதா?

"கொஞ்சம் கீழ தள்ளிக்குங்க மாமா" என்பதோடு விட்டாள்.

படத்தைப் பார்த்த டாக்டர் இது என்ன என்றார். மத வழக்கம், கழற்ற மறுத்துவிட்டார் என்றாள். டாக்டர் நம்பினார். இடுப்புப் பகுதி தெளிவில்லை என்று எழுதினார்.

அடுத்த வாரம் நஞ்சப்பனின் மகன் அவளை வராந்தாவில் பார்த்தான். "காய்ச்சல் எறங்கவே இல்லைங்க. வயித்தத் தொறந்து பாக்கலாமான்னு டிஸ்கஸ் பண்றாங்க. அப்பா தாங்குவாரான்னு தெரியல."

அவள் நேரே வார்டுக்குப் போனாள். அவர் பாதி ஆளாகியிருந்தார். தரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னாள்.

"அட, இதுக்கா? கேட்டிருந்தா அன்னிக்கே கழட்டியிருப்பனே" என்றார் நஞ்சப்பன். "கொடலு வரைக்கும் பாத்துப்போட்டு, மேல கெடக்கற கொடிக்கு வெக்கப்பட்டியாக்கும் அம்முணி?"

சொல்லிக்கொண்டே கொக்கியைத் தளர்த்தி அவள் கையில் கொடுத்தார்.

புதிய படத்தில் முதுகெலும்பை ஒட்டிய தசைக்குள் சீழ்க்கட்டி பளிச்சென்று தெரிந்தது. ஊசி குத்திச் சீழை வடித்தார்கள். வயிற்றைத் திறக்கவில்லை. காய்ச்சல் இறங்கியது.

ராமாத்தாள் டாக்டரிடம் போனாள். நஞ்சப்பன் மறுக்கவே இல்லை, தான் கேட்கவே இல்லை என்றாள். "அதையே எழுதிக் கொடு" என்றார் டாக்டர்.

காது எரிய எழுதினாள். அதுவரை எதன் கீழும் பெயரின் இரண்டெழுத்தை மட்டும் கிறுக்கி வந்தவள், அன்று முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டாள்: 1996 மார்ச் 14.