உறையூர் லைனில் விட்டுவந்த சீனி

சிலிண்டர் போடுகிறவனுக்கு வீட்டுக்காரர் முகம் மறந்துபோகலாம், அந்த வீட்டு நாயின் முகம் மறக்காது. தண்ணீர் கேன் போடுகிறவர்கள், கூரியர் கொண்டுபோகிறவர்கள், கரண்ட் மீட்டர் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். நாம் முதலில் பார்ப்பது கேட்டில் எழுதியிருக்கும் நம்பரை அல்ல, கேட்டுக்கு அடியில் தெரியும் மூக்கை. திருச்சியில் பல வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். ஏஜென்சியில் ஒவ்வொருவனுக்கும் சில தெருக்களைப் பிரித்துக் கொடுப்பார்கள். அதற்கு லைன் என்று பெயர். தெருவோடு சேர்த்து அங்கே இருக்கிற நாய்களையும் கொடுத்துவிடுவார்கள்.

ஒன்றும் செய்யாத நாய்

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "வாங்க, ஒண்ணும் பண்ணாது." கே.கே. நகரில் ஒரு அம்மா அப்படிச் சொன்னார். நம்பிப் போனேன். தோளில் கேஸ் நிறைந்த சிலிண்டர். ஓடவும் முடியாது, உதறவும் முடியாது. நாய் நிதானமாக வந்து பேன்ட்டைக் கவ்வி, கணுக்காலில் இருந்து முழங்கால் வரை கிழித்தது.

கிழிந்த இடத்தை அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார், பேன்ட்டை அல்ல, நாயின் பல்லில் நூல் சிக்கியிருக்கிறதா என்று. அன்றிலிருந்து அந்த வீட்டுச் சிலிண்டரைக் கேட்டுக்கு வெளியிலேயே இறக்கி வைத்தேன். அந்த லைனில் இருந்தவரை அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்களை ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க அதுக்கு. மத்தவங்கன்னா திரும்பிக்கூடப் பார்க்காது."

சம்பளம் வாங்காத ஆள்

அதற்குப் பிறகு உறையூர் லைன் வந்தது. அங்கேதான் சீனி. பழுப்பு நிற நாட்டுநாய், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். லேத்துப் பட்டறை வைத்திருந்து ஓய்வாக வீட்டில் இருக்கும் சிங்காரம் என்பவர் வளர்த்தார். நான் நாய்களுக்கு பிஸ்கட் கொடுத்துப் பழக்குகிறவன் இல்லை. ஒரு மழைநாளில் அது என் லோடு ஆட்டோவுக்கு அடியில் வந்து படுத்தது. நானும் துரத்தவில்லை. எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான்.

மறுபடி அந்தத் தெருவுக்குப் போய், வந்துவிட்டேன் என்று தெரிவிக்க ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டினேன். சிங்காரத்தின் கேட் சந்து வழியாக உடம்பை நெளித்துக்கொண்டு சீனி வெளியே வந்தது. அன்று முதல் லைன் முழுக்கக் கூடவே வரும். நான் மாடிக்குப் போனால் வண்டி பக்கத்தில் உட்காரும். சிலிண்டரை யாராவது தொட்டால் ஒரு உறுமல். டீ குடிக்க உட்கார்ந்தால் என் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொள்ளும். மாடிப்படி ஏறி இறங்கிய கால் அது. வலி குறைந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மனைவி போய்ச்சேர்ந்த பிறகு அப்படி ஒட்டி உட்கார ஒரு ஜீவன் இருந்தது, அதுதான் தெரியும். சிங்காரம் கேட்டில் நின்று சிரிப்பார். "எங்க வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு உங்க கம்பெனிக்கு வேலை பாக்குது, பாத்தீங்களா."

விரிசல்

அந்தச் சிங்காரம் வாசலுக்குப் புதிதாக டைல்ஸ் போட்டார். அடுத்த முறை நான் சிலிண்டரை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஒரு டைல்ஸில் கோடு ஓடியிருந்தது. நான் போட்டு உடைத்தேன் என்றார். சிலிண்டரை நாங்கள் போடுவதில்லை. விளிம்பில் சாய்த்து உருட்டி, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைப்போம். கோடு முன்பே இருந்தது. இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். அவர் ஏஜென்சிக்கு போன் செய்தார். நான் தெருவே கேட்கும்படி, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். சொன்னால் சொன்னதுதான். பந்தியில் என்னைச் சாப்பிடக் கூப்பிடாத சித்தப்பா மகன் வீட்டுக்கு நான் இன்றுவரை போனதில்லை.

மேனேஜர் என்னை ஸ்ரீரங்கம் லைனுக்கு மாற்றினார். உறையூரில் பக்கத்துத் தெருவாவது கொடுங்கள் என்று கேட்டேன். ஏன் என்றார். அந்தப் பக்கம் பழகின நாய் ஒன்று இருக்கிறது என்றேன். அவர் கம்ப்யூட்டரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "சண்டை வீட்டுக்காரரோட, சமாதானம் நாயோடயா? அதெல்லாம் இதுல ஏத்த முடியாதுண்ணே."

இருவரும் காத்திருந்தோம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி தனியாக இருந்தார். மடி, ஆசாரம் எல்லாம் பார்ப்பவர். ஒரு காலையில் நான் போனபோது சமையல் நடந்துகொண்டிருந்தது. தளிகை முடியும்வரை அடுக்களைப் பக்கம் வரக்கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். அங்கே ஏற்கனவே ஒரு தெருநாய் உட்கார்ந்திருந்தது. முன்னங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல். எனக்கு இன்னும் பல வீடு பாக்கி. நேரமாகிறது மாமி என்று உள்ளே பார்த்துச் சொன்னேன்.

பிறகு வாழையிலைத் துண்டில் தயிர்சாதம் வந்தது. முதலில் நாய்க்கு, அப்புறம் எனக்கு. அந்த வரிசை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நாயின் பங்கை ஆறிவிட்டதா என்று மாமி விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்ததையும் கவனித்தேன். தொடமாட்டார், தூரத்தில்தான் வைப்பார், சூடாக மட்டும் வைக்கமாட்டார். அதைப் பார்த்ததும் சீனிக்கு இந்நேரம் யார் தண்ணீர் வைத்திருப்பார்கள் என்று மனசு ஓடியது. முதலில் நான் அவசரப்படுத்தியபோது மாமி உள்ளே இருந்து சொன்ன பதில் இது. "செத்த இருங்கோ. பெருமாளே இன்னும் அமுது செய்யலை. உங்க ரெண்டு பேருக்கும் அப்புறம்தான்."

பாஸ்கர் கொண்டுவந்த செய்தி

உறையூர் லைன் இப்போது பாஸ்கரிடம் இருக்கிறது. என்னைவிடச் சின்னவன். காலையில் குடோனில் லோடு ஏற்றும்போது அவன் பக்கத்தில் போய் நிற்பேன். நாயைப் பற்றிக் கேட்க மாட்டேன். உறையூரில் வெயில் எப்படி, ரோடு போட்டுவிட்டார்களா என்று கேட்பேன். அவன் புரிந்துகொண்டு தானாகச் சொல்வான். சீனி அந்தப் பக்கம் போகும் லோடு ஆட்டோ ஒவ்வொன்றின் பின்னாலும் மெயின் ரோடு வரை ஓடியதாம். வண்டியில் அடிபடப் போகிறது என்று சிங்காரம் கேட் சந்தைத் தகரம் வைத்து அடைத்துவிட்டாராம்.

அடைத்தது சரிதான் என்று எனக்கும் தெரிந்தது. ஆனாலும் அதையும் அந்த மனிதர் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன். பாஸ்கர் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னான். "நான் தட்டுனா ஓடி வருதுண்ணே. தகரத்துக்கு மேல மூஞ்சியத் தூக்கி என்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுது. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை

கைத்தறி வேட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு உறையூர் பஸ் ஏறினேன். சிங்காரம் வீட்டுக்கு எதிர்ச்சாரியில், நிழலில் நின்றேன். பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். தகரத்துக்கு அடியில் மூக்கு தெரிந்தது. மோப்பம் பிடித்தது. பிறகு அது போட்ட சத்தத்தைக் குரைப்பு என்று சொல்ல முடியாது. சிங்காரம் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். தாழ்ப்பாளை எடுத்தார், கேட்டை அகலமாகத் திறந்து வைத்தார், முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சீனியும் நானும் பழைய லைன் முழுக்க நடந்தோம். என்னிடம் வண்டியும் இல்லை, ஸ்பேனரும் இல்லை. அது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று என்னைப் பார்த்தது. நான் உள்ளே போகவில்லை என்றதும் அடுத்த வீட்டுக்கு நடந்தது. கடைசி வீட்டுக்குப் பிறகு எங்கே போவது என்று இருவருக்கும் தெரியவில்லை. திரும்பிக் கூட்டிவந்தேன். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். அது உள்ளே போய், திரும்பிப் பார்த்து, மறுபடி வெளியே வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த சிங்காரம் பேப்பரில் இருந்து முகத்தை எடுக்காமல் நாயிடம் சொன்னார். "வெயில்ல நிக்கிறவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு, சீனி."

தொண்டை வறண்டுதான் இருந்தது. "வேண்டாம்னு சொல்லு, சீனி" என்றேன். அதன் தலையைப் பிடித்து மெதுவாக உள்பக்கம் திருப்பிவிட்டு நடந்தேன். பின்னால் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் கேட்டைத் தாழ் போட மாட்டேன்னு சொல்லு, சீனி."

வீட்டுக்காரரோடு சண்டை போட்டே தீர வேண்டும் என்கிற சிலிண்டர்காரர்கள், அந்த வீட்டு நாயோடு பழகுவதற்கு முன்னாலேயே சண்டையை முடித்துக்கொள்வது நல்லது.