ஜெபராஜ் அண்ணாச்சியின் இரண்டாவது கிளாஸ்

செய்தி வந்தபோது நான் துறைமுக வாசலில் கப்பல் காகிதங்களோடு நின்றிருந்தேன். “ஜெபராஜ் அண்ணாச்சி போயிட்டாரு” என்றார் ஆபீஸிலிருந்து பேசிய முருகேசன். “எங்க போனாரு? நாளைக்குச் சனிக்கிழமைல்லா, எங்க வீட்டுக்கு வரணுமே” என்று கேட்டுவிட்டேன். “இறந்துட்டாருய்யா” என்று அவர் உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று குழம்பியவன்தான், இன்னும் தெளியவில்லை.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு கப்பலேறி வேலை பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். ஷிப்பிங் ஏஜென்சியில் எனக்கு மூத்தவர். நாசரேத்துக்காரர். சர்ச்சில் மதுவிலக்குச் சங்கச் செயலாளர். அவர் மனைவியை நான் மதினி என்பேன். அவர்களே சொல்லச் சொன்னதால், உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் என் வீட்டில் விஸ்கி கலந்தது அண்ணாச்சிதான்.

என் மனைவி இறந்த வருஷம் தனியாக உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்தேன். தண்ணீர்கூடச் சரியாக ஊற்றமாட்டேன். எப்படியோ கேள்விப்பட்டு அண்ணாச்சி வந்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏலே, இதையா இப்படிக் குடிக்க? மாட்டுக்கு மருந்து ஊத்துத மாதிரி?” என்றார். ஏதோ ஒரு கப்பலில் கேப்டன் அவருக்கு ‘ஓல்டு ஃபேஷன்டு’ என்ற விஸ்கிக் கலவையைக் கலந்து காட்டினாராம். “நீங்க ருசி பாத்தீயளா?” என்றேன். “செய்முறையக் கேளுல” என்றார்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டிப் பாகு. அதில் சேரும் கசப்புச் சாற்றுக்கு இங்கே எங்கே போக? நிலவேம்புக் கஷாயம் நாலு சொட்டு. ஆரஞ்சுத் தோலுக்கு நார்த்தங்காய்த் தோல். அதைக் கிளாஸுக்கு மேல் முறுக்கிப் பிழிந்து, விளிம்பில் தேய்த்து, உள்ளே போடுவார். முதல் தடவை அவசரத்தில் வீட்டிலிருந்து சுக்குக் கருப்பட்டியை எடுத்து வந்துவிட்டார். “அண்ணாச்சி, இது போதைக்கா, சளிக்கா?” என்றேன். மனைவி போனபின் நான் சிரித்தது அன்றுதான்.

எப்போதும் இரண்டு கிளாஸ். எனக்கொன்று, அவருக்கொன்று. “நெத்திலி கருகிரும்” என்று தன் கிளாஸோடு அடுப்படிக்குப் போவார். பொரித்த நெத்திலியும் காலி கிளாஸுமாகத் திரும்புவார். “ஒண்ணு போதும்ல. நான் நிறுத்திட்டேன், நீயும் நிறுத்து” என்பார். பதினோரு வருஷம் இப்படி. மற்ற நாட்களில் குடிப்பது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

அடக்கம் முடிந்த மறுநாள் மதினி என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் அண்ணாச்சியின் பையிலிருந்து எடுத்த பாகும் நிலவேம்புக் குப்பியும். “தம்பி, நினைவுக் கூட்டத்துல நீங்க பேசப்போறீயளாம். அதுக்கு முந்தி எங்கிட்ட உண்மையச் சொல்லுங்க. அவிய குடிச்சாவளா?”

ஆமாம் என்றால் அந்த அம்மா உடைந்துபோவார்கள். இல்லை என்றால் பொய். அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“அதே மாதிரி ஒண்ணு போடுங்க” என்றார்கள். கலந்து கொடுத்தேன். மதினி குடிக்கவில்லை. முகர்ந்து பார்த்தார்கள். கண்ணை மூடி இன்னொரு தடவை முகர்ந்தார்கள்.

“இந்த வாசம் சனிக்கிழமையானா அவிய வெரல்ல இருக்கும். நார்த்தங்கா ஊறுகான்னு நெனைச்சேன். வாயில ஒருநாளும் அடிச்சதில்ல தம்பி.”

அப்படியானால் அந்த இரண்டாவது கிளாஸ்? பாவி மனுஷன், பதினோரு வருஷமாக என் விஸ்கியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்! கோபமாகவும் வருகிறது, அழுகையாகவும் வருகிறது. ‘குடிக்காதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சங்கத்துக்காரருக்கு அது வராதா? எதற்கு இத்தனை மெனக்கெடல்? யோசிக்க யோசிக்க எனக்குப் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் தெரிகிறது. அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூட நான் தனியாகக் குடித்ததாக எனக்கு நினைவில்லை. அந்த நினைவை நான் வைத்துக்கொள்கிறேன்.