ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி

எங்கள் அம்மாவுக்கு விருந்தாளி என்றால் தலைகால் புரியாது. அல்வாலில் எங்கள் வீட்டுக்கு வந்து வயிறு நிறையாமல் போனவர் யாரும் கிடையாது. அந்த நல்ல குணம்தான் ஒரு மனிதரை வரவிடாமல் செய்தது என்று நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஒரு அக்கா வந்தாள். கூடப் பிறந்தவள் இல்லை. அவளுடைய அம்மா இறந்துவிட்டார். அப்பா ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். இரவு ஷிஃப்ட் என்றால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அவர் ஒரு நிலைக்கு வரும்வரை இவள் விடுதியில் கிடக்காமல் ஒரு குடும்பத்தில் இருக்கட்டும் என்று குழந்தைகள் நல அலுவலகத்தார் எங்களிடம் விட்டிருந்தார்கள். தத்து இல்லை, திரும்பிப் போக வேண்டிய பிள்ளை. அம்மாவே இதை சர்ச்சில் எல்லாரிடமும் சொல்வார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் வீடு சேரும்போது அவளுடைய அப்பா கேட் அருகே நின்றிருப்பார். முதல் தடவை செருப்பு விடுகிற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். அம்மா பதறிவிட்டார்.

“ஐயையோ, கீழே உட்காரலாமா? சோபாவில உட்காருங்க!”

சோபாவில் உட்கார்ந்தவரின் மடியில் அதற்குப் பிறகு அவள் ஏறவில்லை. பட்டுப் பாவாடை கசங்கிவிடுமே! வந்தவர் குறை சொல்லக்கூடாது என்று அம்மா அவளைக் கல்யாணத்துக்குப் போகிறவள் போல ஜோடித்து, தட்டில் டீயை வைத்துப் பெற்ற அப்பனிடமே நீட்டச் சொல்வார். அவர் வாங்கி வந்த உஸ்மானியா பிஸ்கட்டையும் பீங்கான் தட்டில் அடுக்கி அவருக்கே உபசரிப்பார். பிறகு பிரியாணி. அதற்கும் பிறகு, வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளைகளுக்கு உள்ள தண்டனை: “அப்பாவுக்குக் கீபோர்டு வாசிச்சுக் காட்டும்மா.”

கிளம்பும்போது மட்டும் அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “எப்பப்பா கூட்டிட்டுப் போவே?” என்பாள்.

“ஹவ், ஆமா தங்கம், சீக்கிரம் கூட்டிட்டுப் போறேன்.”

கடைசியாக வந்த ஞாயிறன்று அவள் ஒரு பிசகில்லாமல் வாசித்தாள். அவர் கைதட்டவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“பாப்பா இங்கயே இருக்கட்டும்க்கா. என் ரூமுல என்ன இருக்கு? அந்தக் கஷ்டம் அதுக்கு நக்கோ, வேணாம்.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வளர்ப்புக்குக் கிடைத்த பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். அலுவலகத்திலும் அதையே சொல்லிவிட்டு அக்காவின் அப்பா வருவதை நிறுத்திக்கொண்டார்.

எனக்கோ தலைகீழாகக் குதிக்கலாம் போல சந்தோஷம். உள்ளே ஓடி, “நீ இனிமே எங்கேயும் போக வேண்டாம்! உங்கப்பாவே சொல்லிட்டாரு!” என்று கத்தினேன்.

கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தவள் என்னை வெறித்துப் பார்த்தாள். “ஏன்? நான் சரியா வாசிக்கலையா?” என்று கேட்டாள்.

“சூப்பரா வாசிச்சேக்கா!” என்று சத்தியம் பண்ணினேன். அவளுக்கு அதுதான் வினையாக முடிந்தது என்று அந்த வயதில் எனக்கென்ன தெரியும்?